காலையில் தலைசுத்து, பகலுக்குப் பின் பாரிசவாதம்: கொழுந்து மலையில் விழுந்த பெண்ணின் மதிப்பீடு

பாரிசவாதம் (பக்கவாதம்) பற்றி, மலையகத் தோட்டங்களில் அடிக்கடி வரும் நிலைமைகளைச் சேர்த்து, பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. நேரங்களும் அளவுகளும் வாசிப்பவர் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கத் தோதாகத் தரப்பட்டுள்ளன. தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர், பிரதேச வைத்தியசாலை வைத்தியர், தாதியர், அம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

ஸ்கேன் தூரத்தில் இருப்பதுதான் மலையகத்தின் சிக்கல் என்று பொதுவாகச் சொல்வார்கள். தூரம் உண்மைதான். ஆனால் ஸ்கேன் வரை வந்து சேர்ந்த நோயாளிக்கும் மூளை நாடியை அடைக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கிடைக்காமல் போவதுண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டு. நேரத்தைத் தவறான ஆளிடம் கேட்டிருப்பார்கள். அல்லது பேச்சைத் தவறான மொழியில் சோதித்திருப்பார்கள். இரண்டுமே செலவில்லாமல் திருத்தக்கூடியவை.

நிகழ்வு

நோயாளிக்கு 56 வயது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். ஆறு வருடமாகப் பிரஷர். கிளினிக் கொப்பியில் எனலப்ரில் எழுதியிருக்கிறது. கடைசிக் கிளினிக்குக்குப் போகவில்லை, போனால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும். மருந்து தீர்ந்து மூன்று வாரம். சீனி வருத்தம் இல்லை. புகைப்பழக்கம் இல்லை. வெற்றிலை உண்டு.

காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) வரும்போது "தலசுத்துற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் மலைக்குப் போனார். பகல் நிறுவையில் தானே சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் 12.05க்கு 9 கிலோ பதிவாகியிருக்கிறது. சாப்பாட்டுக்கு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய், ஒரு மணிக்குத் திரும்பினார். 2.10க்குப் பக்கத்து நிரையில் இருந்த பெண் அவரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டிருக்கிறார். "மழ வரப்போகுது, வெரசா எறங்கிருவோம்" என்று அவர் தெளிவாகப் பேசினாராம். 2.40க்குச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கக் கண்டார்கள். கூடை சரிந்து கிடந்தது. வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கூப்பிட்டால் பார்த்தார், பேச்சு வரவில்லை.

பசிக் கிறக்கம் என்று நினைத்துச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்கள். பாதி வெளியே வழிந்தது, இருமினார். குளவி கொட்டியதா என்று பார்த்தார்கள், இல்லை. (மலையில் யாராவது சுருண்டு விழுந்தால் முதலில் குளவியைத்தான் நினைப்பார்கள். அது தப்பில்லை. தடிப்பு, மூச்சுத்திணறல், பிரஷர் இறக்கம் இல்லாவிட்டால் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும்.) கம்பளியில் வைத்து ரோட்டுக்கு இறக்கி, 3.15க்கு டிஸ்பென்சரியில் சேர்த்தார்கள்.

டிஸ்பென்சரியில் பத்து நிமிடம்

அங்கே செய்யப்பட்டவை கொஞ்சம்தான், எல்லாம் சரியானவை. விரல்நுனி இரத்தச் சீனி 128. பிரஷர் 204/112. நாடி ஒழுங்கில்லாமல் 104. ஒட்சிசன் அளவு முதலில் 91 காட்டியது. குளிரில் விறைத்திருந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கியதும் 95. மலையில் ஈரக்கையோடு வருபவரின் முதல் அளவை நம்பி ஒட்சிசன் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. 94க்குக் கீழே உண்மையாகவே இருந்தால்தான் தேவை.

சீனி பார்ப்பதை மட்டும் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்கக்கூடாது. கிளிபென்கிளமைட் போன்ற சீனி வருத்தக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலையேறியவர் பாரிசவாதத்தைப் போலவே ஒரு பக்கம் விளங்காமல் வருவார். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்காருவார். 50க்குக் கீழே என்றால் முதலில் அதைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

செய்யாமல் விட்டவையும் முக்கியம். பிரஷரைக் குறைக்க நாக்குக்குக் கீழே நிபெடிபின் வைக்கவில்லை. அடைப்பினால் பட்டினி கிடக்கும் மூளைக்கு அந்த உயர்ந்த பிரஷர்தான் இரத்தத்தைத் தள்ளிக் கொடுக்கிறது. சடாரென்று விழுந்தால் சேதம் பெருகும். அஸ்பிரின் கொடுக்கவில்லை. வெளியே இருந்து பார்த்து அடைப்பா, இரத்தக் கசிவா என்று சொல்லவே முடியாது. வாய்வழி எதுவும் கொடுக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தபோது, வெற்றிலை உருண்டை வலது கன்னத்துக்குள் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. முகம் வலுவிழந்த பக்கத்தில்தான் எப்போதும் தேங்கும். விரலில் துணி சுற்றி அதை எடுத்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் போகக் காத்திருந்த பொருள் அது. அதோடு, வாய்க்குள் அதை வைத்துக்கொண்டு பேச்சுத் தெளிவைச் சோதிப்பதிலும் அர்த்தமில்லை.

3.25க்கு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் அழைக்கப்பட்டது. பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் ஸ்கேன் இல்லை; அங்கே "காட்டிட்டுப் போறது" என்ற வழக்கத்தை விட்டு, ஸ்கேன் உள்ள பெரிய வைத்தியசாலைக்கே நேராகப் போகத் தீர்மானித்தார்கள். மூச்சும் இரத்த ஓட்டமும் நிலையாக இருக்கும் நோயாளிக்கு அதுதான் சரி. இடையில் ஒரு இடத்தில் இறக்கி, துண்டு (அனுப்பும் கடிதம்) எழுதி, மறுபடி ஏற்றினால் முக்கால் மணித்தியாலம் தெரியாமல் கரையும். மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு வாந்தி வரும். பக்கவாட்டில் படுக்கவைத்து, உறிஞ்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பிழை நடந்தது. அம்புலன்ஸில் கூட ஏறியவர் கணவர். அவர் அன்று ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலையில் இருந்தவர். மலையில் நடந்த எதையும் பார்க்கவில்லை. பார்த்த பெண் மலையிலேயே நின்றுவிட்டார். கூட ஏற்ற வேண்டியது, நோயாளியைக் கடைசியாக நன்றாகப் பார்த்தவரை. முடியாவிட்டால் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் துண்டின் மேலேயே எழுத வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காத இடம் என்றால் அவரை டிஸ்பென்சரிக்கு அருகில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

எந்த நேரத்திலிருந்து எண்ணுவது

4.40க்கு அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே முதலில் எழுதப்பட்டது: "காலையிலிருந்து தலைசுற்று, பின்னர் வலது பக்கப் பலவீனம்." கணவர் சொன்னது அதுதான். இந்த ஒரு வரி அப்படியே நின்றிருந்தால் கதை முடிந்தது. காலை ஏழு மணியிலிருந்து எண்ணினால் ஒன்பதரை மணித்தியாலம் தாண்டிவிட்டது. மருந்துக்கான நாலரை மணித்தியாலம் எப்போதோ போயிருக்கும்.

டிஸ்பென்சரித் துண்டில் வேறொரு நேரம்: "2.40க்கு விழுந்தார்." இதுவும் ஆபத்து, எதிர்ப்பக்கத்து ஆபத்து. 2.40 என்பது கண்ட நேரம். வந்த நேரம் யாருக்கும் தெரியாது. கண்ட நேரத்தை ஆரம்பமாக வைத்தால் இல்லாத அரை மணியை நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம். எண்ண வேண்டியது கடைசியாக நலமாக இருந்தது உறுதியான நேரத்திலிருந்து. நித்திரையில் வந்தால் படுக்கப்போன நேரம். இடையில் எழுந்து கழிவறைக்கு நடந்து போனதை யாராவது கண்டிருந்தால் அந்த நேரம்.

அப்படியானால் காலைத் தலைசுத்து? அதைத் தள்ளிவிடக்கூடாது, விசாரிக்க வேண்டும். தலைசுற்றோடு இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், நாக்குழறல், வாந்தி இருந்ததா? இருந்திருந்தால் பின்மூளை அடைப்பு அப்போதே தொடங்கியிருக்கலாம். இவருக்கு அவை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு சரிவில் ஏறி, இரு கையாலும் கொழுந்தெடுத்து, 9 கிலோவை நிறுவைக்குச் சுமந்து வந்திருக்கிறார். அறிகுறி வந்து முழுதாகப் போய்விட்டு மறுபடி வந்தாலும் கடிகாரம் புதிதாகத்தான் தொடங்குகிறது.

அவசரப் பிரிவிலிருந்து தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து, பக்கத்து நிரைப் பெண்ணைப் பிடித்தார்கள். "எத்தன மணிக்கு?" என்று கேட்டால் தோராயமாகத்தான் பதில் வரும். மலையில் மணிக்கூட்டைப் பார்த்து யாரும் வேலை செய்வதில்லை. ஆனால் நாள் முழுக்க நேரக்குறிகள் இருக்கின்றன. பெரட்டு, காலை நிறுவை, பகல் நிறுவை, பிள்ளைக்காம்பராவுக்கு (குழந்தைகளைப் பார்க்கும் இடத்துக்கு) போய் வருவது, ஸ்டோர்ச் சங்கு, அந்திநிறுவை, தொலைபேசியில் வந்த அழைப்பு. கேள்வியை அவற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

"அக்கா, பகல் நிறுவைக்கு அவங்க வந்தாங்களா? சாக்க யாரு தூக்குனது?"

"அவங்களேதான் தூக்கிட்டு வந்தாங்க."

"சாப்பிட்டு வந்த பொறகு பேசினீங்களா?"

"வெத்தல கேட்டேன், குடுத்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க."

"எந்தக் கையால குடுத்தாங்க?"

"சோத்துக்கையாலதான்."

"அது எப்ப? மழை தொடங்க முந்தியா?"

"முந்தி. அப்பதான் மகன் போன் எடுத்தான்."

மகன் எடுத்த அழைப்பின் நேரம் தொலைபேசியிலேயே இருக்கிறது: 2.11. ஆகவே கடைசியாக நலமாக இருந்தது 2.10. நாலரை மணித்தியாலம் முடிவது 6.40. இந்த இரண்டு நேரத்தையும் கட்டில் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள்.

கேள்வி கேட்ட வரிசையைக் கவனியுங்கள். "எந்தக் கையால" என்பது வெறும் நேரக் கேள்வி அல்ல. வலது கை 2.10க்கு வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி. பேச்சு இருந்தது என்பதற்கு அதற்கு முந்திய பதில் சாட்சி.

புள்ளி போடும்போது

பாரிசவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். அட்டவணைக்கு 0 முதல் 42 வரை புள்ளி. பழகியவர் ஏழெட்டு நிமிடத்தில் முடிப்பார். வரிசையை மாற்றாமல், முதல் பதிலுக்கே புள்ளி போட்டு, நோயாளி செய்ததை மட்டும் எழுத வேண்டும். செய்யக்கூடும் என்று நாம் நினைப்பதை எழுதக்கூடாது. கை, கால் பகுதிகள் எந்த மொழிக்கும் ஒன்றுதான். படுத்திருப்பவரின் கையை 45 பாகைக்கு உயர்த்திப் பத்து விநாடி, காலை 30 பாகைக்கு உயர்த்தி ஐந்து விநாடி. வாய்விட்டு எண்ண வேண்டும். சிக்கல் வருவது பேச்சுப் பகுதிகளில்தான்.

இவரை முதலில் பார்த்தவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். சிங்களத்தில் கேட்டார்; நோயாளி விழித்துப் பார்த்தார். "மொழி விளங்கவில்லை, மதிப்பிட முடியவில்லை" என்று குறிப்பு. இப்படி எழுதும்போது பேச்சுக்கான புள்ளி பூச்சியமாகிவிடும் அல்லது வெற்றிடமாகிவிடும். மறுபக்கம், தமிழ்க் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லக்கூடிய ஒருவரைப் "பேச்சே இல்லை" என்று 3 போட்டு முடிப்பதும் நடக்கிறது. இந்த நோயாளிக்கு வலது கை தொங்கியதால் யாரும் ஏமாறவில்லை. ஏமாற்றம் வருவது கை கால் நன்றாக இருந்து பேச்சு மட்டும் குழம்பிய ஆளிடம். கோர்வையில்லாமல் சளசளவென்று பேசும் அவரை "குடிச்சிருக்கார்", "வயசான ஆள், சிங்களம் தெரியாது", "காத்து சேட்டை" என்று ஓரத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். நேரம் அங்கேதான் போகும்.

ஆகவே தமிழ் தெரிந்த ஒருவரை, முடிந்தால் உறவினர் அல்லாத ஊழியரை, உடனே கூப்பிட வேண்டும். தாதி, சுத்திகரிப்பு ஊழியர், வாசல் காவலர், யாராக இருந்தாலும் சரி. உறவினர்தான் கிடைக்கிறார் என்றால் ஒரு நிபந்தனை: நோயாளி சொன்னதை அப்படியே, சொல் சொல்லாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்பினால் திருத்திவிடுவார்கள். நோயாளி "தண்ணி… மேல… ரோட்டி" என்பார். மகள் "தண்ணி வேணுமாம் சேர்" என்று நல்ல வாக்கியமாக்கிக் கொடுப்பார். நாம் தேடிவந்த குறை அங்கேயே மறைந்துபோகும்.

மாதமும் வயதும் கேட்கும் பகுதி. ஜூலை கடைசியில் "ஆடி" என்று சொன்னால் அது சரியான பதில்தான். நாளும் கிழமையும் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? வயது அப்படியில்லை. மூத்த தொழிலாளர் சிலருக்கு வீட்டில் சொல்லும் வயது ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. எப்போதும் என்ன வயது சொல்வார் என்று வீட்டாரிடம் கேட்டு அதோடு ஒப்பிடுங்கள். பேச முடியாதவரின் வயது தெரியவேண்டுமென்றால் பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கு.

"கண்ண மூடித் தொறங்க, கைய இறுக்கிப் புடிச்சு விடுங்க" என்ற கட்டளைப் பகுதியில் சைகை காட்டலாம். அட்டவணையே அதை அனுமதிக்கிறது. ஆனால் சைகையைப் பார்த்துச் செய்ததை வைத்து "சொன்னது விளங்குது" என்று முடிவு செய்யக்கூடாது. மொழிப் பகுதிக்கு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் குறிப்புக் காட்டாமல், சொல்லால் மட்டும் கேட்க வேண்டும். "கூரையப் பாருங்க." "எடது கையால மூக்கத் தொடுங்க." பக்கத்தில் நிற்கும் உறவினர் தன் மூக்கைத் தொட்டுக்காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டுக்காட்டுவார்கள்.

பெயர் சொல்லும் படங்களில் கையுறை, கள்ளிச்செடி, ஊஞ்சற்படுக்கை எல்லாம் உண்டு. தேயிலை மலையில் வளர்ந்தவருக்குக் கள்ளிச்செடி எங்கே தெரியும்? ஊஞ்சற்படுக்கையைத் "தொட்டில்" என்றால் சரியென்று எடுக்க வேண்டும். படத்தைவிடக் கையில் இருக்கும் பொருளே மேல்: சாவி, சீப்பு, கரண்டி, தீப்பெட்டி, காசு. வாசிக்கத் தெரியாதவரிடம் வாசிப்பு அட்டையை நீட்டிவிட்டுக் குறை கண்டுபிடிக்கக்கூடாது. வாக்கியத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்லவையுங்கள். "மழ பெஞ்சா மலைக்குப் போக மாட்டோம்" போன்ற ஒன்று போதும். குழறலைப் பார்க்க "பாப்பா, தாத்தா, காக்கா": உதடு, நாக்கு நுனி, அடிநாக்கு மூன்றும் அதில் வந்துவிடும்.

தமிழில் மறுபடி சோதித்தபோது இவருக்குக் கிடைத்த புள்ளிகள்: விழிப்பு 0, மாதம், வயது 2 (பேச்சு இழந்தவர் பதில் சொல்லாவிட்டால் 2தான், விட்டுவிடக்கூடாது), கட்டளை 1, பார்வை இடப்பக்கம் இழுபட்டதற்கு 1, வலப்பக்கப் பார்வைப் புலம் 2 (கண்ணுக்கு நேரே சடாரென்று விரலைக் கொண்டுபோனபோது வலப்பக்கம் இமைக்கவில்லை), முகம் 2, வலது கை 3, இடது கை 0, வலது கால் 2, இடது கால் 0, தள்ளாட்டம் 0 (விளங்காத, அசைக்க முடியாத அவயவத்துக்கு இங்கே 0தான்), உணர்ச்சி 1, மொழி 2, குழறல் 1, ஒரு பக்கத்தைப் புறக்கணித்தல் 0. மொத்தம் 17. இடது நடு மூளை நாடி அடைபட்ட படம் இது. கண்கள் அடைபட்ட பக்கத்தை நோக்கித் திரும்பியிருப்பதும் பொருந்துகிறது.

ஸ்கேனும் நிறையும்

5.02க்கு ஸ்கேன். கசிவு இல்லை. இடது நடு மூளை நாடி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, கட்டி நிற்கும் இடம் அது. ஆரம்பச் சேதத்தை அளக்கும் ஆஸ்பெக்ட்ஸ் புள்ளி பத்துக்கு எட்டு. மூளையின் உட்பகுதிகளான இன்சுலாவும் லென்டிபார்ம் கருவும் மங்கியிருந்தன. இதயத் துடிப்புப் பதிவில் ஏட்ரியல் பிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நிலை).

இரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் காத்திருக்கவில்லை. மருந்துக்கு முன் கட்டாயம் தெரியவேண்டியது சீனி ஒன்றுதான். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் போடுபவர், ஈரல் நோய், இரத்தக்கசிவு வரலாறு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு), இரத்தத் தட்டுகள் வரும்வரை நிற்க வேண்டும், ஐ.என்.ஆர். 1.7க்கு மேல், அல்லது தட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழ் என்றால் மருந்து இல்லை. இங்கே ஒரு சந்தேகம் வந்தது. கொப்பியில் எழுதிய குளிசை தீர்ந்துவிட்டது, ஆனால் "அன்னைக்குக் காலையிலயும் ஒன்னு போட்டா" என்றார் கணவர். யாருடையது? பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கியது. கடன் குளிசை லயத்தில் சர்வசாதாரணம். அது பிரஷர்க் குளிசையா, இதய நோயாளி ஒருவரின் வார்பரினா என்று கேட்டே ஆக வேண்டும். அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள்: எனலப்ரில். மருந்துக்குத் தடையில்லை. ஆனால் நாக்கைக் கவனிக்க வேண்டிய மருந்து, பின்னால் வருகிறது.

மற்றத் தடைகள்: கடந்த மூன்று மாதத்தில் கடும் தலைக்காயமோ பாரிசவாதமோ இல்லை, 21 நாளுக்குள் குடல் கசிவு இல்லை, 14 நாளுக்குள் பெரிய சத்திரசிகிச்சை இல்லை, மூளைக்குள் முன்பு கசிவு இல்லை. சரிவில் விழுந்தவர் என்பதால் கூந்தலைப் பிரித்துத் தலைத்தோலைத் தடவிப் பார்த்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை குத்தியிருக்கலாம், காயம் இல்லை. கணுக்காலில் அட்டை கடித்த இடம் இரண்டில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இது தடையாகாது, அழுத்திப் பிடிக்கக்கூடிய இடம். மருந்து ஏறியதும் இன்னும் கசியும் என்று தாதிக்கு முன்கூட்டியே சொல்லி அழுத்துக்கட்டுப் போட்டார்கள்.

5.10க்குப் பிரஷர் 198/112. மருந்துக்கு முன் 185/110க்குக் கீழே வர வேண்டும். பிரஷர் குறைக்கும் லபெட்டலோல் 10 மி.கி. இரண்டு நிமிடத்தில், 5.18க்கு 190/104, இன்னொரு 10, 5.28க்கு 176/96. ஆஸ்துமா உள்ளவருக்கும் நாடி மெதுவானவருக்கும் லபெட்டலோல் கொடுக்கக்கூடாது.

நிறையைத்தான் எல்லோரும் கண்மட்டத்தில் போடுகிறார்கள். கம்பளி, சாக்குத்துணி, ஸ்வெட்டர் எல்லாம் சுற்றிய பெண் 60 கிலோ போல இருப்பார். கட்டிலோடு நிறுத்து, கட்டிலைக் கழித்தபோது 43. கிளினிக் கொப்பியிலும் 43தான். கட்டி கரைக்கும் மருந்தான அல்டிப்ளேஸ் ஒரு கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. 43க்கு 38.7 மி.கி. அதில் பத்தில் ஒன்று, 3.9 மி.கி., ஒரு நிமிடத்தில், மீதி 34.8 மி.கி. அறுபது நிமிடத்தில். 60 என்று ஊகித்திருந்தால் 54 மி.கி. போயிருக்கும், தேவைக்கு மேலே பதினைந்து. அந்தப் பதினைந்துதான் மூளைக்குள் கசிவாக வரும். 50 மி.கி. குப்பியை 50 மில்லிலீற்றரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு ஒரு மி.கி.; எஞ்சிய 11.3 மில்லியைக் கையோடு எடுத்துக் கொட்டிவிட வேண்டும். பம்பில் விட்டால் யாராவது முழுவதையும் ஓடவிடுவார்கள்.

மாரடைப்புப் பெட்டியில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பாரிசவாதத்துக்கு ஆகவே ஆகாது. பரிசோதனைகளில் கசிவும் மரணமும் கூடியது. டெனெக்டிப்ளேஸ் ஆகும், ஆனால் பாரிசவாத அளவு கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25. மாரடைப்பு அளவு அதன் இரட்டிப்பு. குப்பி ஒன்று, அளவு இரண்டு. பழக்கத்தில் கை போகும் இடம் தவறான இடம்.

கணவரிடம் விளக்கியது இப்படி: "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருக்கு. அத கரைக்க ஒரு ஊசி இருக்கு. போட்டா கை, பேச்சு திரும்ப வர வாய்ப்புக் கூடும், நிச்சயமில்ல. நூறு பேருக்குப் போட்டா அஞ்சாறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். நேரம் போகப் போக ஊசியோட பலன் குறையும்." 1995இல் வெளியான ஆய்வு மூன்று மணித்தியாலத்துக்கும், 2008இல் வெளியானது நாலரை வரைக்கும் இந்த மருந்தை நிறுவின. இரண்டாவதில் நல்ல நிலையை அடைந்தோர் 100க்கு 52, மருந்தில்லாதோர் 45. பெரிய மந்திரமில்லை, ஆனால் கையில் இருப்பது இதுதான். பெரிய நாடி அடைப்பு என்பதால் கட்டியைக் குழாய்வழி எடுக்கும் சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா என்றும் கூடவே பேசினார்கள். அன்று உரிய நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வழி இருக்கவில்லை.

5.34க்கு மருந்து தொடங்கியது. நலமாக இருந்ததிலிருந்து 3 மணி 24 நிமிடம். வாசலிலிருந்து 54 நிமிடம்.

ஊசிக்குப் பிறகு

பிரஷரும் நரம்பியல் நிலையும் முதல் இரண்டு மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அடுத்த ஆறு மணித்தியாலம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணித்தியாலம் வரை மணிக்கு ஒரு தடவை. பிரஷர் 180/105ஐத் தாண்டவிடக்கூடாது. புதிய தலையிடி, வாந்தி, நித்திரைச் சோர்வு, பிரஷர் திடீரென ஏறல் என்றால் பம்பை நிறுத்திவிட்டு ஸ்கேன். "தலவலி இருக்கா?" என்று பேச்சிழந்தவரிடம் கேட்டுப் பயனில்லை, நெற்றியைப் பிடிக்கிறாரா, முகத்தைச் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மூக்குக்குழாய், சிறுநீர்க்குழாய் தேவையென்றால் மருந்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும், இல்லையேல் தள்ளிப்போட வேண்டும்.

6.50க்கு, மருந்து முடிந்து கால் மணித்தியாலத்தில், கீழுதட்டின் வலப்பக்கம் வீங்கியது. எனலப்ரில் வகைக் குளிசை போடுபவர்களுக்கு அல்டிப்ளேஸ் இதைச் செய்யும். வழக்கமாக மூளைச் சேதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வரும். முகம் ஏற்கெனவே கோணியிருப்பதால் வீக்கத்தை அந்தக் கோணலோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவது எளிது. நாக்கை வெளியே நீட்டச் சொல்ல முடியாது. டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்கள். நாக்கு வீங்கவில்லை, மூச்சில் இரைச்சல் இல்லை. ஹைட்ரோகோர்டிசோன் 200 மி.கி., குளோர்பெனிரமின் 10 மி.கி. நாளத்தில். மயக்கமருந்து வைத்தியர் பக்கத்தில் நின்றார். இரண்டு மணித்தியாலத்தில் வடிந்தது. எனலப்ரில் இனி இல்லை என்று கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதப்பட்டது.

மலையில் கொடுத்த அந்தத் தேத்தண்ணி மூன்றாம் நாள் கணக்குக் கேட்டது: காய்ச்சல், வலது நுரையீரல் அடியில் இரைச்சல். விழுங்கும் சோதனைக்கு முன் வாய்வழி எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். நிமிர்த்தி உட்காரவைத்து ஒவ்வொரு தேக்கரண்டித் தண்ணீராக மூன்று தடவை. இருமல், ஈரக்குரல், வழிதல் இல்லாவிட்டால் 50 மில்லி. இவர் ஐந்தாம் நாள்தான் அதில் தேறினார், அதுவரை மூக்குக்குழாய்.

24 மணித்தியால ஸ்கேனில் கசிவு இல்லை. புள்ளி 17இலிருந்து 8. அஸ்பிரின் அதன்பிறகே தொடங்கியது.

காரணம்

மகளிடம் கேட்டபோது, சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து மாதாமாதம் ஊசி போட்டதாக அம்மா சொல்லியிருக்கிறார் என்றார். எக்கோவில் (இதய ஸ்கேனில்) மைட்ரல் வால்வு சுருக்கம். ரூமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் பிப்ரிலேஷன். இப்படியானவர்களுக்குப் புதிய இரத்த உறைவெதிர்ப்பு மருந்தான ரிவரோக்சபானைவிட வார்பரின் வகை மருந்தே மேல் என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மறு ஸ்கேன் பார்த்து ஆறாம் நாள் வார்பரின் தொடங்கப்பட்டது. இலக்கு ஐ.என்.ஆர். 2 முதல் 3.

வீட்டுக்கு அனுப்பும்போது தமிழிலேயே எழுதிக் கொடுத்தவை நான்கு. கடன் குளிசை கிடையாது, கொடுப்பதும் இல்லை வாங்குவதும் இல்லை. மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் கேட்டு வாங்கக்கூடாது. நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் பிடிக்கப் போனால் வார்பரின் போடுவதை முதலில் சொல்ல வேண்டும்; அழுத்திப் பிடித்தால் தசைக்குள் இரத்தம் கட்டும், விளங்காத கையை இழுத்தால் தோள்மூட்டு நழுவும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு கிழமை நிறையவும் மறு கிழமை ஒன்றுமில்லாமலும் சாப்பிடக்கூடாது. ஐ.என்.ஆருக்கான இரத்தத்தைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையிலேயே எடுத்து அனுப்பவும், விடை வந்ததும் அளவை டிஸ்பென்சரிக்குத் தொலைபேசியில் சொல்லி அன்றே கொப்பியில் எழுதவும் ஏற்பாடு செய்தார்கள். கூட வரும் கணவரின் ஒரு நாள் பேர் அதில் மிஞ்சுகிறது. கிளினிக்கைத் தவறவிடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.